கோழிக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) நீக்கினால் எவ்வளவு இழப்பு? திங்க் டேங்க் எழுத்துத் தேர்வுக் கணக்கு

#1 யாழினி_வெருலம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசியல் திங்க் டேங்க் (கொள்கை ஆய்வு அமைப்பு) ஒன்றில் இளநிலைப் பொருளியலாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள். மூன்று மணி நேரம், ஒரு லேப்டாப், இணையம் உண்டு. மாதிரிக் கேள்வி இது: "கோழி இறைச்சிக்குப் பூஜ்ய விகித வாட் கொடுத்தால் அரசுக்கு வருமான இழப்பு எவ்வளவு? பயன் யாருக்குப் போகும்? நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் படிப்பதற்காக இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக."

வரிச்சுமை யார் தலையில் விழும், விலை நெகிழ்ச்சி என்றால் என்ன, இதெல்லாம் ஆனர்ஸில் படித்தாயிற்று. எந்தத் தரவை எடுப்பது, எந்த வரிசையில் கணக்குப் போடுவது, எந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள் என்பதைத்தான் பாடத்தில் சொல்லித் தரவில்லை. தெரிந்த அண்ணன்மார், அக்காமார் படிப்படியாகச் சொன்னால் என்னைப் போலத் தயார் செய்பவர்களுக்கும் உதவும்.

#2 கணக்கர்_சாட்ஸ்வர்த்

நல்ல கேள்வி, தங்கச்சி. இந்த வேலையில் பாதி இந்தக் கணக்குதான். நீங்கள் தரும் எண்ணை அடுத்த நாளே எதிரணி ஆய்வாளர் ஒருவர் பிரித்துப் பார்ப்பார். அவர் பிரித்தாலும் நிற்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் கணினியைத் தொடாதீர்கள். "கோழி" என்றால் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழுக் கோழியா, இரண்டு கிலோ பையில் வரும் உறைந்த கலப்புத் துண்டா, கால், தலை, ஈரல், குடலா, மசாலா தடவியதா, பொலோனியா? 2025 மார்ச் 12 பட்ஜெட்டில் கோழி உள்ளிட்ட விலங்குகளின் உண்ணத்தக்க உள்ளுறுப்புகள், தலை, கால், எலும்பு, நாக்கு போன்ற சில வெட்டுகள், பால் கலவைப் பானம், டின் காய்கறி ஆகியவற்றைப் பூஜ்ய விகிதப் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அதே பட்ஜெட்டில் அறிவித்த வாட் உயர்வைப் பிறகு கைவிட்டபோது அதுவும் கூடவே போய்விட்டது. அந்த யோசனையும் முழுக் கோழிக்குப் பூஜ்ய விகிதம் கேட்பதும் வேறுவேறு. தேர்வுத் தாளில் இரண்டையும் ஒன்றாக எழுதினால் திருத்துபவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

அடுத்தது தரவு. நாட்டின் புள்ளியியல் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ நடத்திய 2022/23 வருமான, செலவுக் கணக்கெடுப்புதான் கையில் இருப்பதில் புதியது. அதற்கு முந்தையது 2014/15 வாழ்நிலைக் கணக்கெடுப்பு. நுண்தரவுக் கோப்புகளுக்குக் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட் தளத்தையும் பாருங்கள். செலவுக் கோப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு இருக்கும். கோழிக்கு ஒன்று அல்ல, பல குறியீடுகள். எவற்றை எடுத்தீர்கள் என்பதை அடிக்குறிப்பில் வரிசையாகக் கொடுங்கள்.

இனி கணக்கு. வழிமுறை புரிவதற்காக மட்டும் ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம்: நாட்டின் குடும்பங்கள் வீட்டுச் சமையலுக்கான கோழிக்கு ஆண்டுக்கு 40 பில்லியன் ராண்டு செலவழிக்கின்றன. இது பயிற்சிக்கு வைத்த எண். உண்மைத் தொகையை நீங்களேதான் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

கடையில் கொடுக்கும் விலையில் வாட் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆகவே 40-ஐ 15 சதவீதத்தால் பெருக்கக் கூடாது. 15-ஐ 115-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். 100 ராண்டு பில்லில் வாட் 13 ராண்டு 4 சென்ட்தான். சரியான விடை 5.22 பில்லியன், தவறான விடை 6 பில்லியன். கிட்டத்தட்ட 780 மில்லியன் ராண்டு வெறும் பெருக்கல் பிழையில் காணாமல் போகிறது. விண்ணப்பதாரர்கள் இடறும் முதல் கல் இதுதான்.

#3 உம்கெனி_ஆறு

அண்ணன் சொன்னது சரி. ஆனால் 5.22 இன்னும் கூடுதல். எல்லாக் கடையும் வாட் கட்டுவதில்லை. விற்றுமுதல் வரம்பைத் தொடாத ஸ்பாசா கடை (குடியிருப்புப் பகுதிச் சிறு கடை), சந்தையில் ஐஸ் பெட்டி வைத்து விற்பவர், இவர்கள் பதிவு செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் விற்கும் கோழியில் வாட் இல்லை என்று முழுதாகக் கழித்துவிடுவதும் தவறு. மொத்தக் கடையில் வாங்கும்போது அவர்கள் வாட் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அதைத் திரும்பக் கேட்க முடியாது, விலைக்குள் அது உறைந்து கிடக்கிறது. இல்லாதது அவர்களுடைய லாபப் பகுதியின் மீதான வாட் மட்டும்.

அதே பயிற்சி எண்ணில் போட்டுப் பார்ப்போம். 40-ல் கால் பங்கு, அதாவது 10 பில்லியன், பதிவில்லாத கடைகளில் நடக்கிறது என்றும், அவர்கள் வாங்கிய விலைக்கு மேல் 20 சதவீதம் வைத்து விற்கிறார்கள் என்றும் கொள்வோம்.

பதிவுள்ள கடைகள்: 30 × 15/115 = 3.913 பில்லியன்.
பதிவில்லாதவை: 10 ÷ 1.2 = 8.333; அதில் 15/115 = 1.087 பில்லியன்.
கூட்டினால் 5.0 பில்லியன்.

உணவகக் கோழியையும் கவனியுங்கள். சிலர் குடும்பச் செலவை விட்டுவிட்டு, நாட்டில் எத்தனை டன் கோழி விற்கிறது, கிலோ என்ன விலை என்று பெருக்கிவிடுவார்கள். அது மிகையாகத்தான் வரும். டர்பனில் ஒரு கோழி பனி சௌ (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறி) வாங்கினால், சமைத்த உணவு என்பதால் முழு விலைக்கும் 15 சதவீத வாட் உண்டு. பதிவுள்ள உணவகம் பச்சைக் கோழிக்குக் கொடுத்த வாட்டை வரித் துறையான சார்ஸிடமிருந்து உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறுகிறது. பச்சைக் கோழிக்கு வாட் எடுத்தாலும் அரசுக்கு அங்கே இழப்பில்லை, பனி சௌ விலையும் குறையாது. டன் கணக்கில் போனால் அந்தக் கோழியும் இழப்பில் சேர்ந்துவிடும்.

பூஜ்ய விகிதம் வேறு, விலக்கு வேறு என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். பூஜ்ய விகிதத்தில் விற்பவர் மின்சாரம், பொட்டலம் போன்றவற்றுக்குக் கொடுத்த வாட்டைத் திரும்பப் பெறலாம். விலக்குப் பெற்ற பொருளில் பெற முடியாது, அது விலைக்குள்ளேயே தங்கிவிடும். மேடையில் "விலக்கு" என்றுதான் பேசுவார்கள். தாளில் நீங்கள் அப்படி எழுதக் கூடாது.

#4 மலர்_பிரிட்டோரியா

யாழினி, எண் வந்ததும் அதை ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் ரிவியூவின் பின்னிணைப்பில் வரிச் சலுகைச் செலவுப் பட்டியல் இருக்கும். பூஜ்ய விகித அடிப்படை உணவுகள் அனைத்துக்கும் சேர்த்து எவ்வளவு வருமானம் விட்டுக்கொடுக்கப்பட்டது என்று கருவூலமே அங்கே தனி வரியில் போடுகிறது. அரிசி, பருப்பு, சோள மாவு, பால், முட்டை, தாவர எண்ணெய், காய், கனி, பழுப்பு ரொட்டி எல்லாம் சேர்ந்த தொகை அது. கோழி ஒன்றுக்கு நீங்கள் போட்ட எண் அந்த மொத்தத்தையே நெருங்கினால் எங்கோ இரண்டு முறை பெருக்கியிருக்கிறீர்கள்.

அப்படி நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். செலவு நிரல் ஏற்கெனவே ஆண்டுக்கணக்காக மாற்றப்பட்டிருக்கும், அதை மறுபடி 12-ஆல் பெருக்குவது. குடும்ப எடையை (மாதிரியில் உள்ள ஒரு வீடு நாட்டில் எத்தனை வீடுகளைக் குறிக்கிறது என்ற எண்) போட்டுக் கூட்டிய பிறகு மறுபடி எடை போடுவது. குடும்பக் கோப்பை ஆள் கோப்போடு இணைக்கும்போது, ஐந்து பேர் உள்ள வீட்டின் கோழிச் செலவு ஐந்து வரிசையிலும் ஏறிவிடுவது. மூன்றாவது கண்ணில் படாது. இணைத்தவுடன் எடைகளைக் கூட்டிப் பாருங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பங்கள் சுமார் 1.78 கோடி, ஆட்கள் 6.2 கோடி. குடும்ப எடைகளின் கூட்டுத்தொகை 6 கோடிப் பக்கம் போனால் கோப்பு ஆள் மட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. கணக்குத் தாளில் கோடி, லட்சம் வேண்டாம், எல்லாவற்றையும் மில்லியனில் வையுங்கள். மூல ஆவணங்கள் மில்லியனிலும் பில்லியனிலும்தான் வருகின்றன. நடுவில் மாற்றினால் ஒரு பூஜ்யம் நிச்சயம் நழுவும்.

ஆண்டும் முக்கியம். கணக்கெடுப்பு 2022/23-க்கு உரியது. அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பழைய செலவை நடப்பு நிதியாண்டுக்குக் கொண்டுவர மொத்தப் பணவீக்கத்தைப் போடாதீர்கள். நுகர்வோர் விலைக் குறியீட்டில் கோழிக்கு நெருக்கமான உட்குறியீட்டைப் போடுங்கள். கோழி விலை தன் பாட்டுக்கு ஓடும். 2023-ல் பறவைக் காய்ச்சல் வந்தபோது முட்டையும் கோழியும் எப்படி ஏறின என்று எல்லோரும் பார்த்தோம்.

#5 யாழினி_வெருலம்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வாட் எடுத்தால் கடைக்காரர் முழுதாக விலையைக் குறைப்பார் என்று எப்படிச் சொல்வது? இந்தியர், ஆப்பிரிக்கர் என்று மக்கள் பிரிவு வாரியாகப் பயனைப் பிரித்துக் காட்டலாமா? நம்மவர்கள் புரட்டாசி முழுக்க அசைவம் தொடுவதில்லை, அது தரவில் வருமா என்றும் யோசித்தேன்.

#6 கணக்கர்_சாட்ஸ்வர்த்

இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். 2022 கணக்கெடுப்பில் இந்திய, ஆசியப் பிரிவு மொத்த மக்களில் 2.7 சதவீதம். மாதிரிக் கணக்கெடுப்பில் அந்த வீடுகள் குறைவாகத்தான் விழும். அதையும் பத்து வருமானப் படிகளாக உடைத்தால் ஒரு கட்டத்தில் சில வீடுகளே மிஞ்சும். அதில் இரண்டு வீடு சைவமாக இருந்தாலே சராசரி தலைகீழாகும். புரட்டாசி விஷயமும் அப்படித்தான். விவரம் சேகரிப்பது ஆண்டு முழுக்கப் பரவியிருப்பதால் நாட்டு அளவில் அது தெரியாது. டர்பன் இந்தியக் குடும்பங்களை மட்டும் எடுத்தால், எந்த வீட்டை எந்த மாதம் கேட்டார்கள் என்பதே முடிவை ஆட்டிவிடும். திட்டப் பிழையை (மாதிரி எடுப்பதால் வரும் தடுமாற்றத்தின் அளவு) கணக்கிட்டு, அது மதிப்பில் கால் பங்குக்கு மேல் போனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இதில் சபலத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

விலை இறக்கம் பற்றி. வாட் முழுதாக விலையில் இறங்கினால் கடை விலை அதிகபட்சம் 13.04 சதவீதம் குறையும், 15 அல்ல. 100 ராண்டுப் பை 86.96 ஆகும். முழுதாக இறங்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எந்தப் பொருளுக்குக் கொடுக்கலாம் என்பதற்கு மட்டும் நம் நாட்டு உதாரணம் ஒன்று இருக்கிறது. வாட் 2018 ஏப்ரல் 1-ல் 14-லிருந்து 15 ஆனபோது, ஏழைகளுக்கு ஆறுதலாக எதைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று பார்க்கப் பேராசிரியர் இங்க்ரிட் வூலார்ட் தலைமையில் நிபுணர் குழு போட்டார்கள். வெள்ளை ரொட்டி, ரொட்டி மாவு, கேக் மாவு, சானிட்டரி பொருள்கள், பள்ளிச் சீருடை, நாப்பி என்று குழு பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் கோழி இல்லை. அரசு அதிலிருந்து ரொட்டி மாவு, கேக் மாவு, சானிட்டரி பேட் மூன்றையும் எடுத்துக்கொண்டு 2019 ஏப்ரல் 1 முதல் பூஜ்ய விகிதம் கொடுத்தது. குழு அறிக்கையைத் தேர்வுக்கு முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள். எந்தப் பொருளைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று எந்த அடிப்படையில் எடை போட்டார்கள் என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது.

தேர்வில் ஒரே சதவீதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 100, 70, 40 என்று மூன்று நிலை போடுங்கள். 70 என்றால் 5 பில்லியனில் 3.5 மக்கள் கைக்கு, 1.5 கோழிப் பண்ணைக்கும் மொத்த வியாபாரிக்கும் கடைக்கும். விற்பவர்கள் குறைவாகவும் பெரியவர்களாகவும் உள்ள சந்தையில் கீழ்ப்பக்க எண்ணுக்குத்தான் அதிக வாய்ப்பு என்று ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்லுங்கள்.

#7 உம்கெனி_ஆறு

இழப்பில் கொஞ்சம் திரும்பி வரும், அதையும் காட்டலாம். மக்கள் மிச்சம் பிடித்த 3.5 பில்லியனை வேறு எதற்காவது செலவழிப்பார்கள். அதில் 60 சதவீதம் வாட் உள்ள பொருளுக்கு என்றால் 2.1 × 15/115 = 0.274 பில்லியன் திரும்பும். வியாபாரிகளிடம் தங்கிய 1.5 முழுக்க லாபமாகக் கணக்கில் வந்தால் 27 சதவீத நிறுவன வரியில் 0.405. நிகர இழப்பு 4.32 பில்லியன்.

தலைப்பில் 4.32-ஐப் போடக் கூடாது. நேரடி இழப்பான 5-ஐத்தான் போட வேண்டும். திரும்பி வருவது அனுமானத்தின் மேல் அனுமானம். பதிவில்லாத கடையில் தங்கிய பணத்துக்கு நிறுவன வரியே வராது. எதிரணி முதலில் கை வைக்கும் இடம் இது. நேரடிக் கணக்கு மேலே, திரும்பி வருவது கீழே தனி அட்டவணையில்.

#8 மலர்_பிரிட்டோரியா

இப்போது தேர்வின் உண்மையான பாதி: பயன் யாருக்கு. எல்லாரும் "ஏழை வீடு வருமானத்தில் பெரிய பங்கைக் கோழிக்குச் செலவழிக்கிறது" என்று எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் வசதியான வீடு ராண்டுத் தொகையில் அதிகக் கோழி வாங்குகிறது. பங்கைப் பார்த்தால் ஏழைக்குச் சாதகம், தொகையைப் பார்த்தால் பணம் மேலே போகிறது. இரண்டு நிரலையும் அருகருகே வைக்காத தாளுக்குப் பாதி மதிப்பெண்கூட வராது.

ஆள்வாரிச் செலவின்படி மக்களைப் பத்துப் படிகளாகப் பிரியுங்கள், குடும்பவாரியாக அல்ல. குடும்பவாரியாகப் பிரித்தால், எட்டுப் பேர் உள்ள கிராமத்து வீடு மொத்தச் செலவில் நடுப்படிக்கு ஏறிவிடும், தனியாக வாழும் ஓய்வூதியர் கீழே இறங்கிவிடுவார்.

பயிற்சிக்காக, கீழ்ப் பாதி வீடுகள் கோழிச் செலவில் 35 சதவீதம் என்று வைப்போம். 70 சதவீத விலை இறக்கத்தில் அவர்களுக்குப் போவது 5 × 0.35 × 0.7 = 1.225 பில்லியன். அரசு விட்ட ஒவ்வொரு ராண்டிலும் 24.5 சென்ட். எளிமைக்காக மொத்த வீடுகளில் பாதி என்று வைத்து, 89 லட்சம் வீடுகளுக்குப் பங்கிட்டால் மாதம் வீட்டுக்கு 11 ராண்டு 47 சென்ட்.

அதே 5 பில்லியனைக் குழந்தை ஆதரவு மானியத்தில் போட்டால்? சுமார் 13 மில்லியன் குழந்தைகள் பெறுகிறார்கள். மாதம் 10 ராண்டு கூட்ட ஆண்டுக்கு 1.56 பில்லியன் ஆகும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள், எந்தக் கூட்டத்திலும் கைகொடுக்கும். 5 பில்லியனில் குழந்தைக்கு மாதம் 32 ராண்டு கூட்டலாம். 2025 ஏப்ரலில் அந்த மானியம் 530-லிருந்து 560 ராண்டு ஆனது. அந்த ஆண்டு கொடுத்த உயர்வைவிடச் சற்று அதிகம் இது.

#9 தராசு

அக்கா சொல்லும் ஒப்பீடு எல்லாத் திங்க் டேங்க் அறிக்கையிலும் வருகிறது. கணக்கில் பிழை இல்லை, ஆனால் அதோடு நிறுத்துவது எனக்கு ஏற்பில்லை.

மானியம் எல்லோரையும் தொடுவதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் பிள்ளை இல்லாத, குறைந்த கூலிக்கு வேலை செய்யும் ஆளுக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது. தகுதியிருந்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கைக்குழந்தைகள் விடுபடுகின்றன. கடையில் குறையும் விலைக்குப் படிவம் இல்லை, வரிசை இல்லை. காலப்போக்கும் உண்டு: 350 ராண்டு கோவிட் மானியம் 2020 மே மாதம் வந்தது, 370 ஆனது 2024 ஏப்ரலில். நான்கு ஆண்டுப் பணவீக்கத்துக்கு 20 ராண்டு. அதற்கான வருமான வரம்பு 624 ராண்டு, அது 2021 உணவு வறுமைக் கோடு. 2024-ல் அதே கோடு 796 ஆகிவிட்டது, வரம்பு அங்கேயே நின்றது. மானியத்தை அமைச்சர் ஒரு பட்ஜெட்டில் உயர்த்தாமல் விட்டாலே அது தேய்ந்துபோகும். பூஜ்ய விகிதம் விலையோடு சேர்ந்தே வளரும். அதை எடுக்கச் சட்டம் திருத்த வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும்.

இதை எழுதாத அறிக்கை பாதி அறிக்கை. யாழினி, நீங்கள் போகும் அமைப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இந்தப் பத்தியை விடாதீர்கள். ஏழையின் தட்டு பற்றிய கணக்கு இது.

#10 மலர்_பிரிட்டோரியா

தராசு சொல்வதை ஏற்கிறேன். காலத்தால் தேய்வது உண்மையான வாதம், அதை எண்ணாகவே காட்டலாம்: ஐந்து ஆண்டுக்கு இரண்டு வழியிலும் கீழ்ப் பாதிக்குப் போகும் உண்மை மதிப்பை இரண்டு கோடுகளாக வரையுங்கள். மானியம் விலைவாசிக்கு ஏற்ப உயர்ந்தால், பாதி உயர்ந்தால், உயராவிட்டால் என்று மூன்று நிலை. மானியக் கோடு எத்தனையாவது ஆண்டில் பூஜ்ய விகிதக் கோட்டுக்குக் கீழே போகிறது என்பதே உறுப்பினருக்குத் தேவையான விடை. என் பயிற்சி எண்களில் மானியம் மிக உயரத்தில் தொடங்குவதால் சீக்கிரம் கீழே போகாது. ஆனால் 35 சதவீதம் என்பது 50 ஆனால், விலை இறக்கம் முழுமையானால், இடைவெளி வெகுவாகச் சுருங்கும். அந்த இரண்டு எண்ணிலும்தான் முழு விவாதமும் நிற்கிறது என்று தாளில் வெளிப்படையாக எழுதுங்கள்.

#11 பழைய_மாணவன்

கணக்கு பற்றி நிறையப் பேசிவிட்டோம். "அரசியல்" திங்க் டேங்க் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம், நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

பெரும்பாலான அமைப்புகள் வருமான வரிச் சட்டப் பிரிவு 30-ன் கீழ் பொதுநல அமைப்பாகப் பதிவானவை. அந்தப் பிரிவு எந்தக் கட்சியையும் நேராகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கவும் எதிர்க்கவும் தன் வளத்தைப் பயன்படுத்தத் தடை போடுகிறது. கொள்கையை விமர்சிக்கலாம், கட்சிக்கு ஓட்டுக் கேட்க முடியாது. கட்சிக்கே நேராக வேலை செய்யும் ஆய்வுப் பிரிவு வேறு, அங்கே வேறு சட்டம்: 2018-ஆம் ஆண்டின் அரசியல் கட்சி நிதிச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரல் 1. வெளிநாட்டவர் கொடுக்கும் பணத்தைக் கட்சி கொள்கை உருவாக்கம், பயிற்சி போன்றவற்றுக்கு மட்டுமே, அதுவும் ஒரு வரம்புக்குள்ளேயே பெறலாம். ஜெர்மன் கட்சிகளோடு இணைந்த கொன்ராட் அடினவர், ஃபிரெட்ரிக் எபர்ட், ஃபிரெட்ரிக் நௌமான், ரோசா லக்சம்பர்க் அறக்கட்டளைகளுக்கு இங்கே அலுவலகங்கள் உண்டு என்பதால், ஓர் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த பின் செய்ய வேண்டியது: கணக்கு ஓட்டுவதற்கு முன்பே ஒரு பக்க முறைக்குறிப்பு எழுதி, தேதி போட்டு, மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுப்புங்கள். எந்தக் கோப்பு, எந்தக் குறியீடு, எந்த மூன்று நிலை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முடிவு யாருக்கும் பிடிக்காமல் போகும்போது "வேறு முறையில் பாருங்களேன்" என்று கேட்பார்கள். அப்போது அந்தத் தேதிதான் உங்களைக் காக்கும். நிதி கொடுப்பவரோடு போடும் ஒப்பந்தத்தில் முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்ற வரி இருக்கிறதா என்று கேட்க இளநிலை ஊழியருக்கும் உரிமை உண்டு. பணம் கொடுத்தவர் பெயர் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும், கடைசியில் அல்ல.

#12 மலர்_பிரிட்டோரியா

அவகாசம் பற்றியும் ஒரு வார்த்தை. பண மசோதாத் திருத்த நடைமுறைச் சட்டம் 2009-ல் வந்தது. பட்ஜெட் வைத்த 16 நாளுக்குள் நாடாளுமன்ற நிதிக் குழுக்கள் நிதிச் சட்டகம் (அரசின் மொத்த வரவு, செலவு, கடன் வரையறை) பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். பொது விசாரணையும் எழுத்து மனுவும் அந்தப் 16 நாளுக்குள்தான். பிப்ரவரியில் உட்கார்ந்து தரவிறக்கத் தொடங்கினால் மனு கொடுக்கவே முடியாது. நிரல்கள் ஜனவரியிலேயே தயாராக இருக்க வேண்டும், பட்ஜெட் அன்று விகிதத்தை மட்டும் மாற்றினால் எண் வர வேண்டும்.

2025-ல் இது நேராகத் தெரிந்தது. பிப்ரவரி 19 அன்று வைக்க வேண்டிய பட்ஜெட், வாட்டை 17 ஆக்கும் யோசனையில் கூட்டணிக்குள் ஒப்புதல் இல்லாமல் தள்ளிப்போனது. மார்ச் 12-ல் அரை சதவீதப் புள்ளி, அடுத்த ஆண்டு இன்னோர் அரை என்று வந்தது. ஏப்ரல் 2-ல் 194-க்கு 182 என்று தேசிய சட்டமன்றத்தில் நிதிச் சட்டகம் நிறைவேறியது. ஏப்ரல் 24-ல் உயர்வைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். மே 21-ல் மூன்றாவது பட்ஜெட். கைவிட்டதால் மூன்று ஆண்டில் 75 பில்லியன் ராண்டு துண்டு விழும் என்றது கருவூலம். அந்த மூன்று மாதத்தில் பேசப்பட்ட விகிதம் 17, 15.5, மறுபடி 15 என்று மாறிக்கொண்டே இருந்தது. விகிதத்தைச் சூத்திரத்துக்குள் 0.15 என்று நேராக எழுதியிருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்டத்தையும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. விகிதம் தனிக் கட்டத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும். மற்ற எல்லாச் சூத்திரமும் அதைச் சுட்டட்டும்.

#13 யாழினி_வெருலம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதிப் பார்த்த முதல் பத்தி இது, குறை சொல்லுங்கள்:

"கோழிக்குப் பூஜ்ய விகித வாட் கொடுத்தால் அரசுக்குச் சுமார் 5 பில்லியன் ராண்டு இழப்பு. கீழ்ப் பாதி மக்களுக்கு 24.5 சதவீதம் மட்டுமே போகும். குழந்தை ஆதரவு மானியமே சிறந்த வழி."

#14 கணக்கர்_சாட்ஸ்வர்த்

முதல் வாக்கியத்தில் ஆண்டு இல்லை. எந்த நிதியாண்டு? நேரடிக் கணக்கா, நிகரமா? எந்தக் கோழி? இரண்டாவதில் 24.5 என்ற துல்லியம் உங்கள் தரவுக்குத் தாங்காது. விலை இறக்கமே 40 முதல் 100 வரை ஊசலாடுகிறது. அதே 35 சதவீதத்தில் அது 14 சென்ட் முதல் 35 சென்ட் வரை போகும். வீச்சாகக் கொடுங்கள். மூன்றாவது வாக்கியம் தராசு எழுதியதைத் தாண்டிக் குதிக்கிறது. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"முழுக் கோழிக்கும் உறைந்த துண்டுகளுக்கும் பூஜ்ய விகிதம் கொடுத்தால், இந்த நிதியாண்டில் நேரடி வருமான இழப்பு சுமார் 5 பில்லியன் ராண்டு. விட்ட ஒவ்வொரு ராண்டிலும் 14 முதல் 35 சென்ட் மக்களின் கீழ்ப் பாதிக்குச் சேரும். எவ்வளவு என்பது கடைகள் விலையை எவ்வளவு இறக்கும் என்பதைப் பொறுத்தது. அதே தொகையில் குழந்தை ஆதரவு மானியத்தை மாதம் 32 ராண்டு உயர்த்தலாம். ஆனால் பிள்ளை இல்லாத ஏழை வீடுகளுக்கு அது போகாது, விலைவாசியோடு உயர்த்தாவிட்டால் தேயும்."

உறுப்பினர் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் "ஒரே வரியில் சொல்லுங்கள்" என்பார். அப்போதும் ஆண்டு, எந்தக் கோழி, வீச்சு மூன்றும் வாயில் வர வேண்டும். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

#15 உம்கெனி_ஆறு

ஒரு சின்னத் திருத்தம், யாழினி. நீங்கள் தனிச்செய்தியில் அனுப்பிய தாளில் பதிவில்லாத கடை வரியில் 10 × 1.2 என்று போட்டிருக்கிறீர்கள். வாங்கிய விலைக்குத் திரும்பப் போக 1.2-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் 1.565 வருகிறது, மொத்தம் 5.48 ஆகிறது. கட்டம் டி14. அதைச் சரி செய்தால் கீழே உள்ள எல்லாம் தானாகவே சரியாகிவிடும்.

#16 யாழினி_வெருலம்

திருத்திவிட்டேன் அண்ணா, இப்போது 5.00 வருகிறது. விகிதத்தையும் தனிக் கட்டத்துக்கு மாற்றிவிட்டேன். இனிப் பயிற்சி எண்களை எடுத்துவிட்டு, கணக்கெடுப்புக் கோப்பிலிருந்து உண்மைச் செலவை இழுக்கத் தொடங்குகிறேன். குறியீட்டுப் பட்டியல் தயாரானதும் இங்கேயே போடுகிறேன், விடுபட்டது இருந்தால் சொல்லுங்கள்.